பிள்ளைகளோடு புறநகருக்குக் குடிபோகிறோம்: எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

புதுவாசல் (கேள்வி)

பிள்ளைகள் இருவர், ஒன்றுக்கு 7 வயது, இன்னொன்றுக்கு 2. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு அலுவலகமும் நகரின் நடுவில். வாடகை கட்டுப்படியாகாததால் 20, 25 கிலோமீட்டர் தள்ளி வீடு தேடுகிறோம். "குடும்பத்தோடு வசிக்க ஏற்ற பகுதி" என்று போடாத விளம்பரமே இல்லை. அது உண்மையா என்று நேரில் போய் எப்படிச் சோதிப்பது? பயணம், பள்ளி, வீடு, சாமான் ஏற்றுவது, எதைப் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

தெருமுனை

வீட்டைக் கடைசியில் பாருங்கள், பயணத்தை முதலில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்தால் எல்லாப் புறநகரும் பக்கத்தில்தான் இருக்கும். வேலைநாள் காலையில், நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கே கிளம்பிப் பாருங்கள். வீட்டு வாசலில் இருந்து அலுவலக இருக்கை வரை கணக்கெடுக்க வேண்டும்: நிலையத்துக்கு நடை, வண்டி நிறுத்த இடம் தேடுவது, காத்திருப்பு, மாறி ஏறுவது, இறங்கியபின் நடை. மாலைப் பயணத்தைத் தனியாகப் பாருங்கள், அதுதான் காலை வாரும். குழந்தைகள் காப்பகம் 6 மணிக்கு மூடும் என்றால், 5.30க்கே அங்கே நிற்பதுபோல் கணக்குப் போடுங்கள். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது? 10 நிமிடத்துக்கு ஒன்று ஓடும் தடமும் 40 நிமிடத்துக்கு ஒன்று ஓடும் தடமும் வரைபடத்தில் ஒரே கோடாகத்தான் தெரியும்.

காப்பகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் 2 வயதுக் குழந்தையும் தினம் இரண்டு முறை நெரிசலில் வர வேண்டும். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளிலும் அவ்வளவு தூரம் போய்த்தான் விட்டு வர வேண்டும்.

அடுத்தது தெரு. 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் ஆளைப் பார்த்துப் பிரேக் மிதித்து நிற்பதற்குள் காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டர் ஓடிவிடும். 50 கி.மீ. என்றால் 28 மீட்டர். வேகப் பலகையை நம்பாதீர்கள், சாலையின் அகலத்தைப் பாருங்கள். அகலமான நேர் சாலையில் பலகை என்ன சொன்னாலும் விரட்டத்தான் செய்வார்கள். வேகத்தடையும் குறுகிய திருப்பமும் இருந்தால் வேகம் தானாகக் குறையும். பள்ளி விடும் நேரத்தில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, எல்லாரும் காரில்தான் ஏறுகிறார்களா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

பள்ளிமணி

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். போக்குவரத்து இல்லை என்று முட்டுச்சந்து வீட்டைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. வாசலில் விளையாட நல்லதுதான். ஆனால் மறுமுனையில் நடைவழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூங்காவுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு காரில் போக வேண்டியதாகிவிடும்.

இனி பள்ளி. "500 மீட்டரில் பள்ளி" என்றால் அங்கே இடம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. எந்தெந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இடம் என்று சேர்க்கை எல்லை வைத்திருக்கும் ஊர்களில் அந்தக் கோடு ஒரு தெருவின் நடுவாகவும் போகலாம். தரகர் சொல்லை எடுத்துக்கொள்ளாமல், வீட்டு எண்ணைக் குறிப்பிட்டுப் பள்ளியிடமோ கல்வி அலுவலகத்திடமோ எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதிக்குள் குடியேறியிருக்க வேண்டும், முகவரிக்கு எந்த ஆவணம் செல்லும், அடுத்த ஆண்டு எல்லையை மாற்றும் திட்டம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புதிதாக எழுந்த பகுதிகளில் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அங்கே குடிவருபவர்கள் பெரும்பாலும் ஒரே வயதுப் பிள்ளைகளோடு வருவதால் ஒரு வகுப்பு திடீரென்று நிரம்பி, எல்லையைச் சுருக்கிவிடுவார்கள்.

பெரியவளுக்கோ பெரியவனுக்கோ ஆண்டு நடுவில் மாற்றம் என்றால், எல்லைக்குள் இருப்பது வேறு, அந்த வகுப்பில் காலியிடம் இருப்பது வேறு. இரண்டும் உறுதியான பிறகுதான் முன்பணம்.

ஈரச்சுவர்

வீடு பார்க்கும்போது காலை நேரத்தில் இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்து 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்க. ஒரு நிமிஷத்தைத் தாண்டி ரொம்ப இழுத்தா அழுத்தம் போதாது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனிங்க. முள் நகர்ந்தா எங்கேயோ கசிவு. மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்க. புதுசா வெள்ளையடிச்ச ஒரே ஒரு சுவர் இருந்தா அதைத் தொட்டுப் பாருங்க.

2 வயசுக் குழந்தைக்குப் பால்கனிதான் பெரிய ஆபத்து. கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கணும். கம்பி படுக்கைவசத்தில் இருந்தா ஏணி மாதிரி ஏறிடும், அந்த வீட்டில் வலை கட்டாம இருக்கவே முடியாது. அலமாரியைச் சுவரோடு பிணைக்கத் துளை போடலாமான்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க.

சுடுநீர் சுடும்னு தொட்டியின் வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீங்க, நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளர வழி கிடைச்சிடும். குழாய்ப் பக்கம் சுடுநீரோடு பச்சைத் தண்ணீரைக் கலக்கும் கலவை வால்வு போட்டு 50க்குள் வைக்கிறதுதான் சரி.

புதுவாசல்

மிக்க நன்றி. குளிர்சாதனப் பெட்டி, முன்கதவுத் துணி துவைக்கும் இயந்திரம் இரண்டையும் எப்படி எடுத்துப் போவது? நாங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் சிறியது.

மூட்டைமுடிச்சு

லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே மூலைக்கு மூலை நீளம், படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம் மூன்றையும் அளந்து, பெரிய சாமான்களின் அளவோடு ஒப்பிடுங்கள். சோபா மாட்டிக்கொள்வது பெரும்பாலும் படித் திருப்பத்தில்தான்.

குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்துப் பனியை உருக்கிக் காயவையுங்கள். நிமிர்த்தியே கொண்டு போவது நல்லது. படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும்; எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். துவைக்கும் இயந்திரத்துக்கு வாங்கியபோது பின்பக்கத்தில் இருந்த பூட்டு போல்ட்டுகளைத் திரும்ப மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழிக் குலுக்கலில் டிரம் ஆடித் தாங்கிகள் கெட்டுப்போகும். தொலைத்திருந்தால் அந்த மாடலுக்கு உரியதை வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் அவற்றைக் கழற்ற மறந்து இயக்கினால் இயந்திரம் தரையில் நடக்கும், அதுவும் கெடுதல்தான்.

புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, ஒன்று 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. லாரி நிற்க இடம் வேண்டுமென்று அந்தக் குடியிருப்பில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு வீட்டு மீட்டர்களையும் தேதியோடு படமெடுங்கள். பழைய வீட்டு வாடகை இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஓடினாலும் பரவாயில்லை. ஒரே நாளில் சாவி கொடுத்துச் சாவி வாங்கினால், லாரி தாமதமாகும்போது இரண்டு வீடும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். லாரியில் கடைசியாக ஏற்றுவது சின்னவனின் கட்டிலும் படுக்கையுமாக இருக்கட்டும், அப்போதுதான் முதலில் இறங்கும்.

ஈரச்சுவர்

கட்டிலைத் திரும்பப் பூட்டும்போது பக்கக் கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் வராம பாருங்க. கழற்றிப் பூட்டினதில் ஒரு கம்பி விட்டுப்போனா தலை மாட்டிக்கும். திருகுகளை ஒரு பையில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டிடுங்க.