பள்ளி மானியத்தில் குழாய் வேலை: பிளம்பரிடம் பில் இல்லை, கடையில் ஜிஎஸ்டி இல்லை. எப்படிக் கணக்கு வைப்பது?

கல்லல் டீச்சர்:
ஈராசிரியர் தொடக்கப் பள்ளி, 42 பிள்ளைகள், மானியம் 25,000 ரூபாய். கை கழுவுமிடத்தில் 6 குழாய் மாற்றணும். கரும்பலகை பெயிண்ட், துப்புரவுச் சாமான், பதிவேடுகள் வாங்கணும். உள்ளூர் பிளம்பருக்கு பில் புத்தகமே கிடையாது. பலசரக்குக் கடையில் ஜிஎஸ்டி எண் இல்லை. மூன்று கடை விலைப்புள்ளி (கொட்டேஷன்) வேணுமே என்று கேட்டால், "மூணையும் நானே எழுதித் தர்றேன் டீச்சர்" என்கிறார் காரைக்குடி ஹார்டுவேர் கடைக்காரர். வாங்கிக்கொள்ளலாமா?

பழைய தணிக்கை:
வேண்டாம் டீச்சர். மூன்று தாளிலும் ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப்பிழை இருக்கும். தணிக்கையில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தேதி வரிசை முக்கியம்: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், பில், இருப்புப் பதிவேடு, பணம். பில் 10ஆம் தேதி, தீர்மானம் 14ஆம் தேதி என்று இருந்தால் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆட்சேபணைதான். 'பள்ளிக்குத் தேவையான பொருள்கள் வாங்க' என்று தீர்மானத்தில் மொட்டையாக எழுதாதீர்கள். பொருளும் எண்ணிக்கையும் வரணும்.

மூன்று கடைக்கும் ஒரே விவரத்தாளைக் கொடுங்கள். 'வாளி 4' என்று கேட்டால் ஒருவர் 10 லிட்டருக்கும் இன்னொருவர் 20 லிட்டருக்கும் விலை போடுவார், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? '20 லிட்டர், மூடியுடன், பள்ளியில் இறக்கித் தருவது உட்பட' என்று எழுதுங்கள். 'இறக்கித் தருவது உட்பட' என்பதை விட்டால் காரைக்குடியிலிருந்து ஆட்டோக் கூலி தனியாக நிற்கும், அதற்கு பில் வராது.

மானியத்தில் குறைந்தது பத்து சதவீதம், உங்களுக்கு 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்குப் போகணும். அதையும் தீர்மானத்திலேயே பிரித்துக் காட்டுங்கள்.

குழாயடி:
பிளம்பரிடம் சாமானோடு சேர்த்து மொத்தமாகப் பேசாதீங்க மேடம். சாமானைக் கடையில் பில் போட்டு நீங்களே வாங்குங்க. கூலிக்கு மட்டும் அவரிடம் பற்றுச்சீட்டு: பெயர், முகவரி, என்ன வேலை, எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, கையெழுத்து. தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து.

பட்டியலில் அரை இன்ச் பித்தளைக் குழாய் 6 மட்டும் போட்டால் போதாது. பித்தளை மரை பதித்த எல்போ (குழாயை மாட்டும் வளைவுத் துண்டு) 6, டெஃப்லான் டேப் 3 சேருங்க. வெறும் பிளாஸ்டிக் எல்போவில் பித்தளைக் குழாயை இறுக்கினால் மரை கீறிவிடும். அன்றைக்கே தெரியாது. பிள்ளைகள் பத்து நாள் திருகின பிறகு சுவர் ஓரம் ஈரம் காட்டும், அப்புறம் சுவரை உடைக்கணும். வேலை முடிந்ததும் ஒரு நாள் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, 'சரிபார்த்தேன்' என்று பில்லில் எழுதிய பிறகு பணம் கொடுங்க.

பழைய தணிக்கை:
ஜிஎஸ்டி விஷயம். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் இருக்கிற கடைக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. எண் இல்லாத பில் செல்லும், ஆனால் அதில் வரி என்று தனியாக ஒரு பைசா போட்டிருக்கக் கூடாது. வரி போட்டிருந்தால் 15 இலக்க எண் இருக்கணும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டுவது) இருக்கிற கடைக்கு எண் உண்டு, வாங்குபவரிடம் வரி வசூலிக்க உரிமை இல்லை. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சாக்கோட்டை ஒன்றியம்:
பணம் ஆன்லைனில் போவதால் கடைக்காரரின் வங்கிப் புத்தக முதல் பக்க நகலை விலைப்புள்ளியோடேயே வாங்கிடுங்க. பல பில்லில் வங்கிகள் ஒன்றோடொன்று இணைவதற்கு முந்தின பழைய ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு) அப்படியே அச்சாகியிருக்கும். பணம் திரும்பி வரும், மார்ச் கடைசி வாரத்தில் திரும்பினால் 31க்குள் மறுபடி அனுப்புவது பெரும்பாடு. குழுத் தலைவரின் ஒப்பமும் தேவை என்பதால் அவங்க வெளியூர் போகிற நாளைக் கேட்டு வச்சுக்குங்க.

இன்னொன்று, துப்புரவுச் சாமானில் ஆசிட் சேர்க்காதீங்க. நம்ம பக்கம் பழைய கட்டடத்துத் தரை ஆத்தங்குடிக் கல்லாக இருக்கும். அது சிமென்ட், ஆசிட் பட்டால் பூவும் நிறமும் அரித்துப் போகும். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அது வேண்டவும் வேண்டாம். ஃபினாயில் 5 லிட்டர் கேன் போதும்.

கல்லல் டீச்சர்:
எல்போ பட்டியலில் இல்லவே இல்லை, சேர்த்துட்டேன். வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம், விவரத்தாளை அங்கேயே வாசிச்சுத் தீர்மானத்தில் ஏத்திடறேன். நன்றி சார்.