ரிப்போர்ட்டட் ஸ்பீச்: 'வில்' எதற்கு 'வுட்' ஆகிறது?

கறிவேப்பிலை:
மகள் பத்தாம் வகுப்பு. நான் தமிழ் வழியில் படித்தவள், அதனால் இங்கிலீஷ் கிராமர் என்றாலே எனக்கும் கொஞ்சம் உதறல்தான். 'ரவி செட் டு மீ, "ஐ வில் கால் யூ டுமாரோ"' என்பதை அவள் 'ரவி டோல்ட் மீ தட் ஹி வில் கால் மீ டுமாரோ' என்று மாற்றியிருந்தாள். 'வில்', 'டுமாரோ' இரண்டிலும் சிவப்பு வட்டம். அப்புறம் '"வேர் ஆர் யூ கோயிங்?" ஹி ஆஸ்க்ட் மீ' என்பதற்கு 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதினாள், அதுவும் தப்பாம். டென்ஸை மாற்றித்தானே இருக்கிறாள்? கைடில் இருக்கிற அட்டவணையை மனப்பாடம் செய்கிறாள், பரீட்சையில் எல்லாம் கலந்துவிடுகிறது. நாம் 'கூப்பிடுறேன்னு சொன்னான்' என்று அப்படியே சொல்லிவிட்டுப் போகிறோம், இவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை மாற்றம்?

சாக்பீஸ் தூள்:
அம்மா, முப்பது வருடம் இதே சிவப்பு வட்டத்தைப் போட்டவன் நான். அட்டவணையை மூடி வைத்துவிட்டுப் பாப்பாவின் தமிழ் இலக்கணத்தை எடுங்கள். செல்வி, "நான் நாளை இங்கே வருவேன்" என்றாள். இதை அயற்கூற்றாக, அதாவது அவள் சொன்னதை நம் வாயால் சொல்வதாக எழுதினால், செல்வி தான் மறுநாள் அங்கே வருவதாகக் கூறினாள். 'நான்' போய் 'தான்' வந்தது, 'நாளை' என்பது 'மறுநாள்' ஆனது, 'இங்கே' என்பது 'அங்கே' ஆனது. இங்கிலீஷில் 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆவதும் இப்படித்தான். ஆக, நாமும் மாற்றத்தான் செய்கிறோம், பேச்சில் '-ன்னு' போட்டுத் தப்பித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வித்தியாசம் வினையில்தான். 'வருவதாக' என்பதில் எதிர்காலம் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் செல்வி பேசிய நேரத்திலிருந்து நாம் காலத்தை எண்ணுகிறோம். இங்கிலீஷ்காரன் அதை இப்போது எடுத்துச் சொல்கிறவனின் இடத்தில் நின்று எண்ணுகிறான். 'செட்', 'டோல்ட்' என்று முதல் வினை கடந்த காலத்துக்குப் போய்விட்டால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் இறங்க வேண்டும். வில் வுட் ஆகும், இஸ் வாஸ் ஆகும், ஹேவ் ஹேட் ஆகும், வென்ட் ஹேட் கான் ஆகும். ஏற்கெனவே 'ஹேட் கான்' மாதிரி இருந்தால் இறங்குவதற்குப் படி இல்லை, விட்டுவிடலாம். குட், வுட், ஷுட், மைட் எல்லாமும் அப்படியே இருக்கும். முதல் வினை 'சேஸ்' என்றிருந்தால் டென்ஸைத் தொடவே வேண்டாம். இதைப் பார்க்காமல் வாக்கியத்துக்குள் குதிக்கிற பிள்ளைகள்தான் பாதிப் பேர்.

கேள்வி வாக்கியத்தில் உங்கள் மகள் டென்ஸைச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறாள், சொல்வரிசையை மாற்றவில்லை. அயற்கூற்றானதும் அது கேள்வியே இல்லை, அதனால் 'வேர் ஐ வாஸ் கோயிங்', கேள்விக்குறியும் கிடையாது. தமிழில் 'எங்கே போகிறாய்' என்றாலும் 'எங்கே போகிறேன் என்று கேட்டான்' என்றாலும் வரிசை ஒன்றுதான், அதனால் நம் பிள்ளைகள் கண்ணுக்கு இது படுவதே இல்லை. 'வருகிறாயா' என்ற மாதிரிக் கேள்விக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' போட வேண்டும். 'வருகிறேனா என்று கேட்டான்' என்பதில் அந்த 'ஆ' செய்கிற வேலையை அது செய்கிறது.

மீட்டிங் மினிட்ஸ்:
வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நிஜத்தில் யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. அந்த நாளை இன்னும் வரவில்லை என்றால் 'ஹி செட் ஹி வில் கால் டுமாரோ' என்று வெள்ளைக்காரனே சொல்வான். ஆனாலும் இந்த 'டுமாரோ' விஷயத்தில் நான் அடி வாங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் கிளையண்ட் ஃபைலை நாளைக்கு அனுப்புவதாகச் சொன்னார், நானும் 'டுமாரோ' என்றே எழுதி வைத்தேன், என் மேனேஜர் அதை வெள்ளிக்கிழமை படித்துவிட்டுச் சனிக்கிழமை வரை தெம்பாகக் காத்திருந்தார். அன்றிலிருந்து நான் தேதியையே எழுதிவிடுவது.

சாக்பீஸ் தூள்:
உண்மைதான், மறுக்கவில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்றால் பரீட்சையிலும் வினையை மாற்ற வேண்டாம், அது என்றைக்கும் உண்மை. கட்டளை வாக்கியத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. 'தொடாதேன்னு சொன்னார்' என்று மனசுக்குள் ஓடுவதால் 'டோல்ட் மீ தட் டோன்ட் டச்' என்று எழுதுகிறார்கள். 'டோல்ட் மீ நாட் டு டச்' என்று வர வேண்டும். 'தட்'டுக்கு அங்கே வேலையே இல்லை.

பென்சில் சீவி:
'மஸ்ட்'டை 'ஹேட் டு' என்று மாற்றியே தீர வேண்டுமா? எங்கள் டியூஷனில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது.

சாக்பீஸ் தூள்:
மாற்றலாம், 'மஸ்ட்' என்றே விட்டாலும் தப்பில்லை. உங்கள் பாடப்புத்தகம் எப்படிப் போட்டிருக்கிறதோ அதன்படி போங்கள், சண்டை மிச்சம்.

கறிவேப்பிலை:
ரொம்ப நன்றி சார். செல்வி வாக்கியத்தைக் காட்டியதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள், இப்போது என்னை மடக்குகிறாள். நேற்று அவள் சித்தி போனில் "நாளைக்கு வரேன்" என்றாள். இன்று காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, இதை இங்கிலீஷில் சொல் பார்க்கலாம் என்றேன். 'ஷி செட் ஷி வுட் கம் டுடே' என்கிறாள். 'த நெக்ஸ்ட் டே' இல்லையா என்றால், "அந்த நாளை இன்னைக்குத்தானேம்மா" என்கிறாள். இது சரியா?

சாக்பீஸ் தூள்:
முழுக்கச் சரி. ஆனால் பரீட்சைத்தாளில் சித்தி என்றைக்குப் பேசினாள் என்று போட்டிருக்க மாட்டார்கள், அங்கே 'த நெக்ஸ்ட் டே' என்றே எழுதச் சொல்லுங்கள்.