ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் ஓர் உதவி

வணக்கம். பல் மருத்துவம் இறுதியாண்டு மாணவர்கள் நாங்கள். மதுரைப் பக்கம் அரசு தொடக்கப் பள்ளிகளில் பல் பரிசோதனை செய்து, துலக்கவும் பழக்கப் போகிறோம்.

எங்கள் கவலையெல்லாம் ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்தான். பால் பல் எதுவும் விழாமலே பின்னால் முளைப்பதால், இதுவும் விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். போனால் மறுபடி முளைக்காது. சொத்தை விழுமுன் அதன் பள்ளங்களில் சீலன்ட் (பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சு) பூசினால் பெரும்பாலும் காப்பாற்றலாம்; ஊசியே வேண்டாம்.

மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் வரிசையாகத் துலக்கக் குழாயடி உள்ள பள்ளி தெரியுமா? அனுமதி யாரிடம் கேட்க வேண்டும்? அப்புறம், பெற்றோர் ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் திருத்தித் தருவீர்களா? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.