ஆள் அரவமற்ற கடல்களில் டைவிங்: தண்ணீருக்கடியில் உங்கள் எதிரே வந்தது எது?

கூட்டம் அலைமோதும் டைவ் தளங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்கப் படகில் போனால்தான் முதல் டைவே என்கிற இடங்களுக்குப் போனவர்கள் குறைவு. போய்வந்தவர்களும் பெரும்பாலும் எழுதுவதில்லை. அங்கே உங்கள் எதிரே வந்தது எது, அது எப்படி நடந்துகொண்டது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்; நட்சத்திரக் குறிகளுக்குக் கீழே ஒவ்வொருவராகத் தொடருங்கள்.

இந்தோனேசியாவின் பண்டா கடலில் மனுக் என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறது. ஆள் குடியில்லை. மேலே கடற்பறவைகள் வட்டமிட்டபடியே இருக்கும், காற்று நம் பக்கம் திரும்பினால் கந்தக வாடை மூக்கில் ஏறும். டைவர்கள் இங்கே வருவது கடற்பாம்புகளுக்காக. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே பவளத்தின் இடுக்குகளில் தலையை நுழைத்து மீன் தேடும் பாம்புகள் கண்ணில் பட ஆரம்பித்தன. சாம்பல் நிற உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள், துடுப்பு மாதிரி தட்டையான வால்.

அதில் ஒன்று தேடுவதை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தது. முதலில் நான் காலில் மாட்டியிருந்த துடுப்பை, அதாவது ஃபின்னை, நாக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு காலோடு ஒட்டி மேலே ஏறி, வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டரிலிருந்து கிளம்பும் குமிழிகளுக்குள் தலையை விட்டது. என் மாஸ்க்கின் கண்ணாடிக்கு முன்னால் அந்தச் சின்ன நாக்கு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்தேன். எங்களை அழைத்துப் போன வழிகாட்டி இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக் காட்டினார். நானும் அப்படியே கட்டிக்கொண்டு, மூச்சை மட்டும் சீராக விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு நான் அலுத்துப்போனதும் செங்குத்தாக மேலே போய், தண்ணீருக்கு வெளியே மூக்கை நீட்டி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கி, விட்ட இடத்தில் இரை தேடப் போய்விட்டது.

இவற்றின் விஷம் நரம்பைத் தாக்கக்கூடியது, கடுமையானது. வாய் சிறியது, அதனால் மனிதரைக் கடிக்க முடியாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். வலையிலிருந்து பாம்பைக் கையால் எடுக்கும் மீனவர்கள் கடிபட்டு இறந்திருக்கிறார்கள். கையில் பிடிப்பது, ஃபின்னால் உதைத்துத் தள்ளுவது இரண்டும் கூடாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஆலிவ் கடற்பாம்புகளைப் பற்றி 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. டைவர்களை நெருங்கி வந்தவற்றில் பெரும்பாலானவை இனப்பெருக்கக் காலத்தில் துணை தேடும் ஆண்கள். சில, பெண் பாம்பைப் பற்றுவது போல டைவரின் ஃபின்னைச் சுற்றிக்கொண்டன. அசையாமல் நின்று நாக்கால் சோதித்துப் பார்க்க விடுங்கள் என்பதே அந்த ஆய்வாளர்களின் அறிவுரை. மனுக்கில் நான் பார்த்தது வேறு இனம்தான், ஆனால் எங்கள் வழிகாட்டி கையைக் கட்டச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

* * *

மனுக் வரை போகிறவர்கள் பண்டா ஆபி எரிமலையின் அடிவாரத்தில் ஒரு டைவாவது போடுங்கள். 1988இல் அது வெடித்தபோது எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி, அந்தப் பக்கத்துப் பவளத்தை மொத்தமாக மூடிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் அந்தக் கறுத்த பாறையின் மேல் புதிய பவளம் பாதிக்கு மேல் படர்ந்துவிட்டதை விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது மேசை மேசையாக விரிந்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றை முட்டிக்கொண்டு நின்றது. எங்கேயாவது ஒரு இடைவெளியில்தான் கீழே இருக்கும் எரிமலைப் பாறை தெரிகிறது. பெரிய மீன் எதுவும் எதிரே வரவில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

* * *

நான் சொல்லப்போகும் இடத்துக்கு இப்போது யாரையும் போகச் சொல்ல மாட்டேன். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் அந்த மக்களை என்ன பாடு படுத்திக்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு போர்ட் சூடானிலிருந்து லிவ்அபோர்டில், அதாவது பல நாள் தங்கி டைவ் செய்யும் படகில், போனேன்.

துறைமுகத்துக்கு வெளியே விங்கேட் பவளத்திட்டில் உம்ப்ரியா என்ற இத்தாலியச் சரக்குக் கப்பல் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்த நேரம், கப்பல் பிரிட்டிஷார் கையில் சிக்கக் கூடாது என்று அதன் கேப்டனே மூழ்கடித்துவிட்டார். உள்ளே இருந்தவை விமானத்திலிருந்து போடும் குண்டுகள்; சுமார் 3,60,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றும் சரக்கறையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. டார்ச்சை அடித்தால் வரிசை வரிசையாக உருண்டையான முனைகள் தெரியும், அவற்றின் மேல் சிறு மீன்கள் மேய்ந்துகொண்டிருக்கும். இன்னொரு அறையில் ஃபியட் கார்கள். எதையும் தொடாதே என்று இறங்கும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அதைவிட என் மனதில் தங்கியது ஷாப் ரூமி பவளத்திட்டு. 1963இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் குழு கடலுக்கடியில் வீடு கட்டி வாழ்ந்து பார்த்த இடம் அது. ஆட்கள் தங்கிய வீட்டை எடுத்துப் போய்விட்டார்கள். சிறு நீர்மூழ்கியை நிறுத்திவைத்த குவிமாடம் போன்ற கொட்டகை இன்னும் நிற்கிறது. உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் கூரைக்கடியில் காற்று தேங்கிக் கிடக்கும். அந்தக் காற்றைச் சுவாசிக்கக் கூடாது, ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க வேண்டும். அடுத்த டைவில் அதே திட்டின் தெற்கு மேடையில், சுத்தியல் மாதிரித் தலை கொண்ட கொம்பன் சுறாக்கள் வந்தன. கூட்டமாக, எங்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல், நீலத்துக்குள் நிழல் நிழலாகக் கடந்து போயின.

* * *

கொம்பன் சுறா என்றதும் மால்பெலோ ஞாபகம் வருகிறது. கொலம்பியாவின் கரையிலிருந்து பசிபிக்கில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மொட்டைப் பாறை. ஒன்றரை நாள் கடல் பயணம், அதிலும் ஆட்டம் அதிகம். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

அங்கே சுறாவைத் துரத்திப் போனால் ஒன்றும் கிடைக்காது. பாறையோடு பாறையாகப் பதுங்கிக் காத்திருக்க வேண்டும். பார்பர் மீன் என்று மஞ்சளாக, உள்ளங்கை அளவில் ஒரு மீன் அங்கே கூட்டமாக இருக்கும். கொம்பன் சுறாக்கள் கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து இவற்றிடம் வரும். வந்ததும் வேகத்தைக் குறைத்து, உடம்பை லேசாகச் சாய்த்துக் கொடுக்கும். மஞ்சள் மீன்கள் அதன் தோலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். செவுள்கள் திறந்து மூடுவதைக்கூட எண்ணலாம், அவ்வளவு பக்கம். யாராவது பெரிதாகக் குமிழி விட்டால் போதும், சுறா வாலை ஒரு வெட்டு வெட்டிப் போய்விடும். அதற்காக மூச்சை அடக்கக் கூடாது. ஸ்கூபாவில் அது நுரையீரலுக்கு ஆபத்து. மெதுவாக, நீளமாக விட வேண்டும்.

* * *

எனக்கு எதிரே வந்தது மீன் இல்லை, ஒரு மனிதர். இந்தோனேசியாவின் அலோர், பந்தார் நீரிணை. நீரோட்டம் கடுமையான இடம். திடீரென்று கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவந்து பல் கிட்டிப்போகும். பவளச் சரிவில் மூங்கிலால் பின்னிய மீன் பொறி ஒன்று, கற்களை அடுக்கி அசையாமல் வைக்கப்பட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு மீனவர் இறங்கினார். டேங்க் இல்லை, ஃபின் இல்லை. கண்ணில் மரத்தைக் குடைந்து கண்ணாடி பதித்த நீச்சல் கண்ணாடி. கற்களில் இரண்டை நகர்த்தி, பொறியை ஒரு பக்கம் திருப்பி வைத்து, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஏறிப்போனார். நாங்கள் சுமந்திருந்த கருவிகள் ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: பொறிகளைத் தொடாதீர்கள், மீன் பாவம் என்று திறந்தும் விடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்.

* * *

எல்லோரும் எழுதியதை ஆசையாகப் படித்தேன். இதில் வந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று: உதவி பக்கத்தில் இல்லை. அதையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் டிகம்ப்ரஷன் நோய் (ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்பில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வருவது) வந்த ஒருவருடன் நான் படகில் இருந்திருக்கிறேன். மாலையில் தோள்வலி என்றார், டேங்க் தூக்கியதால் இருக்கும் என்று நினைத்தார். இரவில் விரல்கள் மரத்துப்போயின. நல்லவேளையாகப் படகில் போதிய ஆக்சிஜன் இருந்தது, உடனே கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

பதிவு செய்யும் முன் படகுக்காரரிடம் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். 10 லிட்டர் உருளையை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் இரண்டேகால் மணி நேரத்துக்குள் காலி. இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கும் ஊர் பன்னிரண்டு மணி நேரம் தள்ளியிருந்தால் ஒரு உருளை எதற்குக் காணும்? அவசரமாகக் கரைசேர்க்கும் செலவை ஏற்கும் டைவிங் காப்பீடும் கட்டாயம் வேண்டும்.

சொந்தமாக ஒரு எஸ்எம்பி மிதவை (நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட ஊதி நிமிர்த்தும் குழாய்), விசில், சிறு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். மால்பெலோ மாதிரி இடத்தில் அலைக்கு நடுவே உங்கள் தலை படகுக்குத் தெரியாது, நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு மிதவைதான் தெரியும். திரும்பும் விமானத்துக்கும் கடைசி டைவுக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விடச் சொல்கிறது டைவர்களின் பாதுகாப்புக்கான டேன் (DAN) அமைப்பு. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் நான் சொல்வதைக் கேட்டால் ஒரு முழு நாள் விடுங்கள்.

பிலிப்பைன்ஸின் டுபட்டாஹா பவளத்திட்டுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரைதான் அங்கே படகு போகும். ஜூனில் போனவர்கள் கடல் எப்படி இருந்தது என்று எழுதினால், அதைப் பார்த்துத்தான் நான் பதிவு செய்ய வேண்டும்.