மாதவிடாய் நிற்கும் வயதில் நடு இரவு விழிப்பு: தூக்க மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: தென்காசி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. ஒன்றரை ஆண்டுகளாக மாதவிடாய் தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதம் வராமல் இருந்து, வந்தால் பத்து நாள் வரை அதிகமாகப் போகிறது. இரவு பத்தரை மணிக்குப் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். ஆனால் இரண்டு மணி வாக்கில் நெஞ்சிலிருந்து முகம் வரை அனலடிப்பதுபோல் சூடு ஏறி, பின்கழுத்தும் தலையணை உறையும் நனைந்துபோய் விழித்துக்கொள்கிறேன். அதன் பிறகு கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருப்பதால் அவற்றை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாமல் விடியும் வரை புரள்கிறேன்.

மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலேயே கொடுத்த அல்பிரசோலம் 0.5 மாத்திரையை மூன்று வாரமாகப் போடுகிறேன். தூக்கம் வருகிறது. ஆனால் காலை முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது அடுத்த சொல் நினைவுக்கு வர மறுக்கிறது. "இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான், பொறுத்துக்கொள்" என்கிறார் என் நாத்தனார். மாத்திரையைத் தொடரலாமா, இல்லை பொறுத்துத்தான் போக வேண்டுமா?

பதில் 1: மகளிர் நல மருத்துவர்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. தூக்க மாத்திரை முதல் இரண்டையும் சரிசெய்யாது; மூன்றாவது பிரச்சினையே அதுதான்.

முதலாவது, சூடு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத மிகச் சிறிய வெப்ப உயர்வைக்கூட அது ஆபத்தாக எடுத்துக்கொண்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. சில மாதங்களில் அடங்கிவிடும் என்று நம்பிப் பொறுத்திருப்பவர்கள் பலர். அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி சூடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அத்தனை ஆண்டுகள் ஒரு பெண்ணைத் தூங்காமல் இருக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, கால்கள். வரும்போதெல்லாம் பத்து நாள் வரை அதிக உதிரப்போக்கு இருந்தால் உடலில் இரும்புச்சத்தின் கையிருப்பு கரைந்துபோகும். நீங்கள் சொல்வதுபோல் கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாத அமைதியற்ற கால் நோய்க்கு அது ஒரு முக்கியமான காரணம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். அது 75-க்குக் கீழே இருந்தால், இந்தக் கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். தைராய்டு பரிசோதனையையும், கர்ப்பப்பைக்கு ஒரு ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதின் அதிக உதிரப்போக்குக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

மூன்றாவது, மாத்திரை. சீட்டின்றி விற்கக் கூடாத எச்-1 பட்டியலில் அல்பிரசோலம் இருப்பதற்குக் காரணம், உடல் விரைவில் அதற்குப் பழகிவிடும் என்பதே. மூன்று வாரம் ஆகிவிட்டதால் திடீரென்றும் நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.

சூட்டைத் தணிக்க, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யும் ஹார்மோன் சிகிச்சை என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட, இந்தச் சிகிச்சை பற்றிய அமெரிக்க ஆய்வே அந்த அச்சத்தின் வேர். ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குட்பட்டு, தொந்தரவு கடுமையாக உள்ள பெரும்பாலோருக்குத் தீமையைவிட நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், காரணம் கண்டறியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது கூடாது. உங்களுக்கு ஸ்கேனை முதலில் சொன்னது அதனால்தான்.

பதில் 2: மதுரை வாசகி, வயது 54

சகோதரி, நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் விழிப்புகளையெல்லாம் மாதவிடாய் நின்றதன் கணக்கிலேயே நானும் எழுதிவந்தேன். ஓர் இரவு என் மகள் கைபேசியில் பதிவு செய்து காட்டினாள்: பலத்த குறட்டை, பிறகு சத்தமே இல்லாத சில நொடிகள், பிறகு மூச்சுத் திணறியதுபோல் ஓர் இழுப்பு. காலையில் எனக்கு வாய் வறண்டு தலை கனப்பதும் அதனால்தான். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை என்று தெரிந்தது. மூச்சைத் தூண்டிவிடும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுவதால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறதாம். மூச்சுத்தடை உள்ளவர்களுக்குத் தூக்க மாத்திரை ஆபத்து என்றும் மருத்துவர் சொன்னார். இப்போது இரவில் மூச்சுக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தும் முகமூடிக் கருவி அணிந்து படுக்கிறேன். பழக ஒரு மாதம் ஆனது.

பதில் 3: கோவை, மனநல ஆலோசகர்

காரணங்களைக் கவனித்த பின்பும், படுக்கையைக் கண்டாலே விழித்துக்கொள்ளும் பழக்கம் எஞ்சிவிடுவது உண்டு. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகவே, தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. அதன் சாரத்தை வீட்டிலேயே தொடங்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்புங்கள். சுவர்க் கடிகாரத்தைக் கண்ணில் படாதபடி மாற்றிவிடுங்கள். "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்ற கணக்கே பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

தென்காசி ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபெரிட்டின் 11 என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 12. ஸ்கேன் வரும் வியாழக்கிழமை. இரும்பு மாத்திரையைக் காலைக் காப்பியுடன் போடலாமா?

மகளிர் நல மருத்துவர்

காப்பியுடனும் தேநீருடனும் வேண்டாம் அம்மா. அவை இரும்பை உடலில் சேரவிடாது. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுடன் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் பலன் உண்டு. ஸ்கேன் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.