மறு: லோட் ஆர்டர் – ‘ஏற்ற வரிசை’ சரிவருமா?

> லோட் ஆர்டர் = ஏற்ற வரிசை

வேண்டாமே. லோட் ஆர்டர் என்பது கணினி ஆட்டம் கூடுதல் கோப்புகளை ஏற்றிக்கொள்ளும் வரிசை; கையேட்டுக்கு அதன் தமிழ்ச் சொல்லைத்தான் தேடுகிறோம். ஏறுவரிசை, இறங்குவரிசை பள்ளிக் கணக்கிலேயே இருக்கின்றன. ‘ஏற்ற வரிசையில் அடுக்குக’ என்று கையேட்டில் போட்டால் பாதிப்பேர் எண்வரிசையாக அடுக்குவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்கைரிம் ஆட்டத்துக்கு மோட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் தொகுப்பு) போடுகிறவர்கள் இரண்டு வரிசைகளை இந்த ஒரே பெயரால் சொல்கிறார்கள். மோட்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2-இல் வலப்பக்கம் இஎஸ்எம், இஎஸ்பி செருகுநிரல்களின் (பாத்திரம், பொருள் போன்றவற்றின் பதிவுகள் அடங்கிய கோப்புகளின்) வரிசை. இடப்பக்கம் மோட்களின் வரிசை. வடிவ, இழைமக் (மேற்பரப்புப் படக்) கோப்புகள் மோதினால் எது ஆட்டத்துக்குப் போகும் என்பதை அது முடிவுசெய்கிறது. தானாக வரிசைப்படுத்தும் லூட் என்ற கருவி வலப்பக்கத்தை மட்டும்தான் அடுக்கும்.

கறுத்த முகச் சிக்கலைப் பாருங்கள். அ, ஆ என்ற இரண்டு மோட்கள் ஒரே பாத்திரத்தின் முகத்தை மாற்றுகின்றன. வலப்பக்கம் ‘அ’ கடைசி, இடப்பக்கம் ‘ஆ’ கடைசி. இரண்டு பக்கமும் கடைசியில் இருப்பதே வெல்லும். பாத்திரப் பதிவு அ-விலிருந்தும் முகவடிவக் கோப்பு ஆ-விலிருந்தும் வரும். இரண்டும் பொருந்தாது, முகம் கறுத்துவிடும். லூட்டை எத்தனை முறை ஓட்டினாலும் தீராது. இடப்பக்கம் அ-வை ஆ-வுக்குக் கீழே இழுத்தால் தீரும்.

என் பரிந்துரை: வலப்பக்கம் ‘செருகுநிரல் வரிசை’, இடப்பக்கம் ‘கோப்பு முன்னுரிமை’.

*

> இடப்பக்கம் ‘கோப்பு முன்னுரிமை’

முதலாவதற்கு என் ஆதரவு. இரண்டாவது இடறுகிறது. முன்னுரிமை என்றால் மேலே நிற்பது வெல்லும் என்றுதான் தோன்றும். இங்கே வெல்வது கீழே நிற்பது. ‘மேலெழுது வரிசை’ எப்படி?

*

> மேலெழுது வரிசை

ஆர்கனைசரில் ஓவர்ரைட் என்றே ஒரு கோப்புறை இருக்கிறது. கருவிகள் புதிதாக உண்டாக்கும் கோப்புகள் அதில் சேரும். அதற்கு மேலெழுது என்ற சொல் வேண்டியிருக்கும். தவிர, ஆர்கனைசர் எதையும் அழித்து எழுதுவதில்லை. மெய்நிகராக ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவே. ‘மேலிடு வரிசை’ என்போம். வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மோட் நிர்வாகியில் இழுத்து அடுக்கும் பட்டியல் இல்லை, மோதும் மோட்களுக்கிடையே எது பிறகு என்று விதி போட வேண்டும்; அது ‘மேலிடு விதி’.

செருகுநிரல் வரிசையை விளக்கும்போது ‘கடைசியில் வருவது வெல்லும்’ என்று நிறுத்திவிடாதீர்கள். வெல்வது முழுப் பதிவு. ஒரு மோட் வாளின் எடையை மட்டும் குறைக்க, பின்னால் வருவது விலையை மட்டும் கூட்டினால், எடை பழைய அளவுக்கே திரும்பிவிடும். செருகுநிரல்களைத் திருத்தும் எஸ்எஸ்இஎடிட்டில் அந்தப் பதிவை ஒட்டுச் செருகுநிரல் ஒன்றுக்குப் படியெடுத்து, எடையையும் விலையையும் அதில் சேர்த்து, இரண்டுக்கும் பின்னால் வைக்க வேண்டும்.