ஆறு ஜோடி லவ் பேர்ட்ஸ்: ஒரே கூண்டிலா, ஜோடி ஜோடியாகவா?

மொட்டைமாடி:
மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து லவ் பேர்ட்ஸ் (பட்ஜீஸ்) வளர்க்கப் போகிறோம். செலவு, வேலை, குஞ்சு எல்லாம் மூன்றில் ஒரு பங்கு. மாடியில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் வெல்டுமெஷ் கூண்டு தயார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். 6 ஜோடி வாங்குவதாக இருக்கிறோம்: பச்சையும் நீலமும், கூடவே ஒரு லுட்டினோ (சிவப்புக் கண்ணுள்ள முழு மஞ்சள்) ஆண். எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, முட்டையிடப் பானை கட்டிவிடலாமா, ஜோடிக்கு ஒரு கூண்டு வாங்க வேண்டுமா?

தினைக்கதிர்:
ஒன்றாகவே விடுங்க தம்பி. ஆஸ்திரேலியாவில் வறண்ட உள்நாட்டில் மழை பெய்து புல்விதை முற்றும்போது கூட்டமாக வந்து, ஒரே மரத்தின் பல பொந்துகளில் முட்டையிடுகிற பறவை இது. தனியாகப் பெட்டியில் அடைத்து வைப்பது அதன் சுபாவத்துக்கே ஒத்துவராது.

ஆனால் அந்தக் கூண்டுக்கு 6 ஜோடி அதிகம், 4 போதும். சண்டைக்கு முக்கால்வாசிக் காரணம் பானைத் தட்டுப்பாடுதான். ஜோடிக்கு இரண்டு வீதம் 8 பானை, எல்லாம் ஒரே உயரத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டுக் கட்டுங்க. மேலே ரெண்டு கீழே ரெண்டு என்று கட்டினால் எல்லாப் பெண்ணும் மேல் பானைக்கே போகும். முதல் மூன்று நான்கு வாரம் பானையே வேண்டாம், பறக்கட்டும். பெண்ணின் மூக்குத்தோல் தடித்துப் பழுப்பாகி, ஆண் அதற்கு இரை ஊட்ட ஆரம்பித்த பிறகு எட்டையும் ஒரே நாளில் கட்டுங்க. அதற்கப்புறம் புதுப் பறவை எதையும் உள்ளே விடக்கூடாது. ஜோடியில்லாத பெண் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அடுத்த பானைக்குள் புகுந்து முட்டையை உடைப்பதும் குஞ்சைக் கடிப்பதும் பெரும்பாலும் அதுதான்.

புது வெல்டுமெஷ்ஷில் துத்தநாகம் துளித்துளியாகவும் பொடியாகவும் ஒட்டியிருக்கும். இவை அலகால் கம்பியைப் பிடித்து ஏறும் பறவைகள், வயிற்றுக்குள் போனால் விஷம். வினிகர் தொட்ட பிரஷ்ஷால் கம்பி முழுவதும் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விடுங்க.

நீலச்சிறகு:
தினைக்கதிர் அண்ணா போட்ட நிபந்தனை அத்தனையும் சரி. அத்தனையையும் கடைப்பிடித்தாலும் "இந்தக் குஞ்சுக்கு அப்பா யார்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. காலனியில், அதாவது பல ஜோடிகள் ஒன்றாக இருக்கும் கூண்டில், ஒரு பெண் தன் ஜோடியோடு மட்டும்தான் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே வீட்டுப் பொழுதுபோக்கு என்றால் போகட்டும் என்று விடலாம். இங்கே குஞ்சுகள் மூன்று வீட்டுக்குப் பிரிகின்றன. அடுத்த வருஷம் ஒரு வீட்டு ஆணையும் இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்க்கும்போது அவை அண்ணன் தங்கையாக இருந்தால்? இரண்டு மூன்று தலைமுறை இப்படியே போனால் முட்டை கரு பிடிக்காது, குஞ்சு சிறுத்துப்போகும்.

நிறத்துக்கும் இதேதான். லுட்டினோ பாலினக் குரோமோசோம் வழியாக வருகிற நிறம். லுட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு தனியாக வைத்தால் பிறக்கிற பெண் குஞ்செல்லாம் லுட்டினோ, ஆண் குஞ்செல்லாம் பச்சையாக இருந்து லுட்டினோவை உள்ளே சுமக்கும் ஸ்பிளிட். பொரித்த அன்றைக்கே மூடிய இமைக்குள் கண் சிவப்பாகத் தெரிந்தால் அது பெண் என்று குறித்துவிடலாம். மாற்றிப் போட்டால், அதாவது பெண் லுட்டினோ, ஆண் கலப்பில்லாத பச்சை என்றால், ஒரு குஞ்சுகூட லுட்டினோவாக வராது. நீலம் ஒடுங்கு நிறம், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பச்சைக்குள் ஒளிந்திருக்கும் நீலத்தை வெளியே கொண்டுவர அப்பா அம்மா இருவரும் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். முதல் நீலப் பறவை 1880 வாக்கில் பெல்ஜியத்தில் தோன்றியது. இன்று நம் ஊர்க் கடை வரைக்கும் நீலம் நிறைந்திருக்கிறது என்றால், ஜோடியைப் பிரித்துவைத்துக் கணக்கெழுதியவர்களின் உழைப்புதான் காரணம்.

2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஜோடிக்கு ஒரு கூண்டு. முட்டையிடும் மரப்பெட்டியை வெளிப்பக்கம் மாட்டுங்கள். உள்ளே இடம் குறையாது, மூடியைத் திறந்து பார்ப்பதும் சுலபம்.

தினைக்கதிர்:
கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு நீலச்சிறகு அக்கா சொல்வது பொருந்தும். இவர்கள் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்த்துச் சந்தோஷப்படப் போகிறார்கள். 6 கூண்டு என்றால் 6 தண்ணீர்க் கிண்ணம், 6 தீனிக் கிண்ணம், 6 தட்டு, தினமும் கழுவ வேண்டும். "இன்றைக்கு அவர் முறை" என்று ஒரு வீட்டுக்காரர் ஒருநாள் விட்டுவிட்டால், வெயில் காலத்தில் ஒரு கிண்ணம் கவிழ்ந்தாலே போதும், ஒரு ஜோடி போய்விடும். காலனியில் மூன்று தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் ஒன்று கவிழ்ந்தாலும் தப்பிக்கும்.

இன்னொன்று, 2 அடிக் கூண்டில் பறக்க முடியாது, தாவத்தான் முடியும். கொழுப்பு ஏறிய பெண்ணுக்கு முட்டை அடைத்துக்கொள்ளும். தனி ஜோடி முட்டையிடாமல் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கூட்டத்தின் சத்தம் இருந்தால்தான் இது அடைக்கு வரும்.

நீலச்சிறகு:
சத்தம் வேண்டும் என்பது உண்மை. ஆணின் தொடர்ச்சியான கீச்சுப்பாட்டைக் கேட்டாலே பெண்ணின் சினைப்பை வளரத் தொடங்குகிறது என்று 1960களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் கேட்டால் போதும், உடன் இருக்கத் தேவையில்லை. நான்கைந்து கூண்டுகளை ஒரே சுவரில் வரிசையாக மாட்டினால் கூட்டத்தின் சத்தம் தானாகக் கிடைத்துவிடுகிறது. பேசாமல் உட்கார்ந்திருப்பது, தெருவில் வேறு பறவையே இல்லாத ஒற்றை ஜோடி.

முட்டை அடைப்புக்குக் கொழுப்பும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணங்கள் சுண்ணாம்புச்சத்துக் குறைவும், வயது முதிராத பெண்ணை அடையில் விடுவதும், குளிரும். 10 மாதம், முடிந்தால் ஒரு வருஷம் ஆகாத பெண்ணுக்குப் பெட்டி காட்டாதீர்கள். கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். பெண் உடலை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆடினால் முட்டை மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் பறவை பிழைக்காது. சின்னப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் பல்பு போட்டு 30 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு கொடுத்தபடியே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

பறப்பதற்கு அந்த 6 அடிக் கூண்டு இருக்கிறதே. இரண்டு அடை முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் நாலைந்து மாதம் அதில் முறைவைத்துப் பறக்க விடலாம்.

வேப்பங்குச்சி:
கூண்டுக் கணக்கை அப்புறம் பாருங்க. மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார், அதை ஒருவரும் கேட்கவில்லையே! சித்திரை வைகாசியில் அந்த ஷீட்டுக்கு அடியில் குஞ்சு வெந்துபோகும். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று இரண்டு அடுக்கு போட்டு, மேற்குப் பக்கம் சாக்கு கட்டி மதியத்தில் நனையுங்க. அப்படிச் செய்தாலும் கத்திரி முடியும்வரை பானையோ பெட்டியோ வேண்டாம். பெருமழை ஓய்ந்து மார்கழி முதல் மாசி வரை நல்ல பருவம். இரண்டு அடை எடுக்கலாம். மழைக்காலத்தில் தினையும் கம்பும் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். முகர்ந்து பார்த்து மக்கு வாடை வந்தால் அப்படியே கொட்டிவிடுங்க. காயவைத்தாலும் பூஞ்சை விட்ட விஷம் போகாது.

அக்கா பெட்டி என்கிறார், நான் பானை என்கிறேன். மண்பானை சூடு வாங்காது, இடுக்கு கிடையாது. பிளைவுட் பெட்டியின் மூலையிலும் ஆணி ஓட்டையிலும்தான் சிவப்புப் பேன் பகலில் பதுங்கி, ராத்திரி வந்து குஞ்சின் ரத்தத்தைக் குடிக்கும். ராத்திரி கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு, விடியுமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. சிவப்புப் புள்ளி நகர்ந்தால் பேன்தான். பானை என்றால் ஒரு அடை முடிந்ததும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு கட்டலாம்.

நீலச்சிறகு:
பானைக்குள் கை போகாதே, அதுதான் சிக்கல். பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும், முதல் முட்டையிலிருந்தே அடை உட்காரும், 18 நாளில் பொரிக்கும். ஆறு முட்டை என்றால் மூத்த குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் 10 நாள் வித்தியாசம். மூத்தது கடைசியை மிதித்துவிடும். பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்தான் அந்தக் கடைசிக் குஞ்சை, அதே அளவுக் குஞ்சுகள் இருக்கும் வேறு பெட்டிக்கு மாற்ற முடியும். பொதுவாகத் தாய் மறுக்காமல் ஊட்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் ஒவ்வொரு குஞ்சின் காலையும் அலகையும் பார்க்க வேண்டும். எச்சம் விரல்நுனியில் உருண்டு காய்ந்து கல்லாகியிருக்கும். பிய்த்து எடுத்தால் நகமே கழன்று வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை இரண்டு நிமிஷம் வைத்து, ஊறியதும் நசுக்கி எடுங்கள். மேல் அலகின் உள்பக்கக் குழிவில் தாய் ஊட்டிய இரை ஒட்டிக் காய்ந்திருக்கும். தீக்குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாகத் தள்ளி எடுக்காவிட்டால், மேல் அலகு கீழ் அலகுக்கு உள்ளே வளர்ந்து, அந்தப் பறவை ஆயுசு முழுக்க விதை உரிக்கக் கஷ்டப்படும். இதையெல்லாம் குறுகிய வாய்ப் பானைக்குள் எப்படிச் செய்வது?

பேனுக்குப் பயந்தால், அடை முடிந்ததும் பெட்டியில் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். பெட்டியின் அடிப்பலகையில் 4 அங்குல வட்டத்துக்கு அரை அங்குலம் குழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தட்டையாக இருந்தால் முட்டை உருளும், குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும்.

வேப்பங்குச்சி:
பானையை நிமிர்த்திக் கட்டினால்தான் அந்தத் தொல்லை. வாய் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்துக் கட்டி, பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு வெட்டி, அதற்கு ஒரு தகர மூடி போடுங்க. உள்ளே மரத்தூள் ஒரு அங்குலம். பெண் வாய்வழியாக நுழையும்போது முட்டைமேல் குதிக்காமல் நடந்து போகவும் படுக்கவைத்த பானைதான் நல்லது. மற்றபடி காலையும் அலகையும் தினமும் பார்க்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை.

மொட்டைமாடி:
பானை, பெட்டி இரண்டும் புரிந்தது. ஆனால் பங்கு போடுவதில்தான் குழப்பம் கூடிவிட்டது. குஞ்சின் காலில் எண் வளையம் போட்டால் காலனியிலும் கணக்கு வைக்கலாம் அல்லவா?

நீலச்சிறகு:
எந்தப் பானையில் வளர்ந்தது என்பதை மட்டும்தான் வளையம் சொல்லும். இரண்டு பெண்கள் ஒரே பானையில் முட்டையிட்டால் தாய்கூடச் சந்தேகம்தான். அப்படிப் பத்துப் பன்னிரண்டு முட்டை குவிந்தால் வயிற்றுக்கடியில் எல்லாம் அடங்காது. குளிர்ந்து பாதி கெட்டுப்போகும்.

இருந்தாலும் வளையம் போடுங்கள். மூடிய வளையத்தை (வெட்டு இல்லாத முழு வளையம்) பொரித்த 5 முதல் 10 நாளுக்குள் போட வேண்டும். முன்விரல் இரண்டைச் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, பின்விரல் இரண்டையும் காலோடு ஒட்டிப் பிடித்து மேலே தள்ளி, கடைசியில் அந்தச் சின்னப் பின்விரலைத் தீக்குச்சியால் வெளியே இழுத்துவிடுங்கள். கழன்று விழுந்தால் மறுநாள் போடுங்கள். பத்து நாளுக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றால் விட்டுவிடுங்கள்.

தினைக்கதிர்:
அப்பா யாரென்று தெரியாமலே ஒரே ரத்தத்துக்குள் கலப்பைத் தவிர்க்க வழி இருக்கு தம்பி. ஒரே காலனியில், ஒரே பருவத்தில் பிறந்த எல்லாக் குஞ்சையும் உடன்பிறப்பாகவே வைத்துக்கொள்ளுங்க. அவற்றுக்குள் எந்த ஜோடியும் சேர்க்காதீங்க. பெண் குஞ்சுகளை நீங்கள் மூவரும் பிரித்துக்கொண்டு, ஆண் குஞ்சுகளை வேறு ஊர்க் குழுவிடம் கொடுத்து அவர்களுடைய ஆண்களை வாங்குங்க. வருகிற ஆண்களை 30 நாள் தனி அறையில் வைத்து, எச்சம், எடை, இறகு எல்லாம் பார்த்த பிறகே கூண்டில் சேர்க்கணும். இறக்கையிலும் வாலிலும் நீண்ட இறகு கொட்டி, பறக்காமல் தரையில் ஓடுகிற குஞ்சு ஒன்று அந்தக் குழுவில் இருந்ததாகத் தெரிந்தால் மாற்றலே வேண்டாம். அது பெரும்பாலும் வைரஸ் நோய். காலனிக்குள் வந்தால் ஆறு மாதம் அடையையே நிறுத்த வேண்டியிருக்கும்.

நீலச்சிறகு:
அந்த வழியில் ஒரே ரத்தத்துக்குள் கலப்பது நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லுட்டினோவைச் சுமக்கும் ஸ்பிளிட் ஆண்கள் எல்லாம் பச்சையாகத் தெரிவதால் முதல் மாற்றலிலேயே வெளியூர் போய்விடும், அண்ணா. மொட்டைமாடி தம்பி, காலனியே என்று முடிவு செய்தாலும் அந்த லுட்டினோ ஆணுக்கும் அதன் பெண்ணுக்கும் மட்டுமாவது ஒரு 2 அடிக் கூண்டு வாங்கி, காலனிக் கூண்டை ஒட்டி மாட்டுங்கள். அதன் குஞ்சுகளுக்கு வேறு நிற வளையம்; பெட்டியின் மூடியில் பென்சிலால் முட்டையிட்ட தேதி, பொரித்த தேதி, வளைய எண் மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்று வீட்டில் யார் வந்து மூடியைத் திறந்தாலும் அங்கேயே படித்துக்கொள்ளலாம்.